சினிமா கதை சொல்லப் பழகிய இருபது வருடங்கள்

உலக சினிமா பக்கம் புதிதாக வருகிறவர்களிடம் எல்லோரும் குரோசவா, பெர்க்மன், சத்யஜித் ராய் என்று ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். நல்ல பட்டியல்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்களுக்கெல்லாம் முன்னால், 1895க்கும் 1915க்கும் நடுவே, கேமராவும் ஃபிலிமும் காசு கொடுத்துப் பார்க்க ஜனங்களும் இருந்தும், இதை வைத்து ஒரு கதையை எப்படிச் சொல்வது என்று யாருக்கும் சரியாகத் தெரியாத ஒரு காலம் இருந்தது. காட்சியை எங்கே வெட்டுவது, எப்போது முகத்துக்குப் பக்கத்தில் போவது, ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நடப்பதை எப்படிக் காட்டுவது, எதற்கும் விதி கிடையாது. இன்று கையில் செல்போன் வைத்திருக்கும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை யோசிக்காமல் செய்கிற ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் முதல் தடவையாகச் செய்து பார்த்திருக்கிறார். என்னைக் கேட்டால், இயந்திரத்தைக் கண்டுபிடித்த கதையைவிட இதுதான் பெரிய கதை. ஆனாலும் இயந்திரத்தில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

சினிமாவைக் கண்டுபிடித்தது யார் என்றால் ஒரே பெயரைச் சொல்ல முடியாது. 1878இல் கலிஃபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர், ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புகிறதா என்று பார்ப்பதற்காக, ஓடுபாதை ஓரம் வரிசையாகக் கேமராக்களை வைத்து, குதிரை தாண்டத் தாண்ட ஒவ்வொன்றும் படம் எடுக்கும்படி செய்தார். (எழும்புகிறது.) பிரான்ஸில் மாரே என்ற உடலியல் அறிஞர் 1882இல் துப்பாக்கி மாதிரி ஒரு கேமரா செய்தார், பறக்கும் பறவையைக் குறிபார்த்து விநாடிக்கு 12 படம் எடுக்கலாம். 1888இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் லூயி லெ பிரின்ஸ், ஒரு வீட்டுத் தோட்டத்தில் சிலர் நடப்பதை இரண்டு விநாடி அளவுக்கு எடுத்துவிட்டார். அது இன்றும் இருக்கிறது. ஆனால் 1890 செப்டம்பரில் பிரான்ஸின் டிஜோன் ஊரில் ரயில் ஏறிய லெ பிரின்ஸை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அந்த மனிதர் மட்டும் பிழைத்து வந்திருந்தால் சினிமா வரலாற்றின் முதல் பக்கத்தில் வேறு பெயர் இருந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிக்சன்தான் பெரும்பாலான உழைப்பைப் போட்டவர். 35 மில்லிமீட்டர் அகல ஃபிலிம், ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பக்கமும் நான்கு நான்கு துளைகள் என்று அங்கே முடிவான அளவு, நூறு வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க நிலைத்தது. நம் ஊர்த் தியேட்டர்களில் ஓடிய பெட்டிகளிலும் அதே அளவு ஃபிலிம்தான். ஆனால் எடிசன் இதைத் திரையில் காட்டவில்லை. கினெட்டோஸ்கோப் என்ற மரப்பெட்டிக்குள் ஃபிலிம் ஓடும், மேலே இருக்கும் துளையில் கண்ணை வைத்து ஒரு நேரத்தில் ஒருவர் பார்க்கலாம். 1894 ஏப்ரலில் நியூயார்க்கில் இப்படிப் பெட்டிகளை வரிசையாக வைத்து ஒரு கடை திறந்தார்கள், 25 சென்ட் கொடுத்தால் ஐந்து பெட்டிகள் பார்க்கலாம். படம் எடுக்கும் கேமராவோ பாரமானது, மின்சாரம் வேண்டும், தூக்கிக்கொண்டு வெளியே போக முடியாது. அதனால் ஆட்களைத் தன் ஸ்டூடியோவுக்கு வரவழைத்தார்கள். நியூஜெர்சியில் இருந்த அந்தக் கறுப்புக் கொட்டகையின் கூரை திறக்கும், வெயில் நகர நகரக் கட்டடத்தையே தண்டவாளத்தில் சுற்றித் திருப்பலாம். உள்ளே மல்யுத்தக்காரர்கள், நடனக்காரிகள், தும்மல் போடும் ஓர் ஊழியர்.

இதற்கு நேர் எதிராக யோசித்தவர்கள் லியோன் நகரத்து லூமியேர் சகோதரர்கள், அகஸ்டும் லூயியும். அப்பா அந்துவான் புகைப்படத் தகடு செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். எடிசனின் பெட்டியைப் பாரிஸில் பார்த்துவிட்டு வந்து, இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னவர் அவர்தான். அவர்கள் முன்னால் இருந்த சிக்கல் இதுதான்: ஃபிலிம் நிற்காமல் ஓடினால் படம் கலங்கிப்போகும். ஒவ்வொரு படமும் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும், ஷட்டர் (வெளிச்சத்தை மறைக்கும் தட்டு) திறந்து வெளிச்சம் விழ வேண்டும், ஷட்டர் மூடியதும் ஃபிலிம் ஒரு படி நகர வேண்டும், இது விநாடிக்குச் சுமார் 16 முறை நடக்க வேண்டும். தையல் இயந்திரம் துணியை நிறுத்தி நிறுத்தி நகர்த்துகிறதே, அதில் இருந்துதான் லூயிக்கு வழி கிடைத்தது. இரண்டு சிறிய கொக்கிகள் துளைகளுக்குள் நுழைந்து ஃபிலிமை ஒரு படி இழுத்துவிட்டுப் பின்வாங்கும். இதற்கு மின்சாரம் வேண்டாம், கையால் சுற்றினால் போதும். மொத்தப் பெட்டியும் சுமார் ஐந்து கிலோ. அதே பெட்டி படம் எடுக்கும், பிரதி போடும், பின்னால் விளக்கு வைத்தால் திரையிலும் காட்டும்.

அந்த ஐந்து கிலோ மிக முக்கியம். எடிசனின் கேமரா உலகத்தைத் தன்னிடம் வரச் சொன்னது, லூமியேரின் கேமரா கிளம்பித் தெருவுக்குப் போனது. அடுத்த சில வருடங்களில் அவர்கள் அனுப்பிய ஆட்கள் மெக்சிகோவில் இருந்து ஜப்பான் வரை சுற்றினார்கள், காலையில் எடுத்ததை அதே ஊரில் கழுவி மாலையில் காட்டவும் முடிந்தது. 1896 ஜூலை 7ஆம் தேதியே பம்பாயின் வாட்சன் ஹோட்டலில் அவர்கள் படங்கள் ஓடின.

சரி, அந்தப் புகழ்பெற்ற தேதிக்கு வருவோம். 1895 டிசம்பர் 28, பாரிஸில் கிராண்ட் கஃபே என்ற உணவகத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை, டிக்கெட் ஒரு ஃபிராங்க், வந்தவர்கள் 33 பேர், காட்டியது 10 படங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. சினிமாவின் பிறந்த நாள் என்று இதைத்தான் சொல்கிறார்கள். உண்மையில் அதற்கு இரண்டு மாதம் முன்பே, நவம்பர் 1ஆம் தேதி, பெர்லினில் ஸ்கிளாடனோவ்ஸ்கி சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு திரையில் படம் காட்டியிருந்தார்கள். அவர்கள் இயந்திரம் சிக்கலானது, பரவவில்லை. லூமியேரின் இயந்திரம் பரவியது, அதனால் தேதியும் நிலைத்தது.

அந்தப் பத்துப் படங்களில் முதலாவதை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். லூமியேர் தொழிற்சாலையில் வேலை முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான் படம். கதவு திறந்திருக்கிறது, நீளப் பாவாடையும் தொப்பியும் அணிந்த பெண்கள் கூட்டமாக வந்து இடமும் வலமும் பிரிந்து போகிறார்கள், ஆண்கள் சிலர் சைக்கிளில் வருகிறார்கள், ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது. தற்செயலாக எடுத்தது போல இருக்கிறது, இல்லையா? ஆனால் இதில் குறைந்தது மூன்று வடிவங்கள் இருக்கின்றன, ஒன்றில் ஒரு குதிரை வண்டியோடு வருகிறது, ஒன்றில் இரண்டு குதிரைகள், ஒன்றில் குதிரையே இல்லை. உடைகளும் மாறியிருக்கின்றன. அதாவது வேறு வேறு நாட்களில் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். நடந்து வருகிறவர்கள் தொழிலாளர்கள், கேமராவைச் சுற்றுகிறவர் முதலாளி, கேமராவை முறைத்துக்கொண்டு நின்றுவிட்டவர்கள் கிட்டத்தட்ட யாருமே இல்லை. சினிமாவின் முதல் நாளிலேயே ரீடேக்கும் இயக்கமும் வந்துவிட்டன என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ரயில் வந்தபோது பார்வையாளர்கள் பயந்து எழுந்து ஓடினார்கள் என்ற கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ரயில் படம் முதல் நாள் நிகழ்ச்சியில் இல்லவே இல்லை, 1896 ஜனவரியில்தான் காட்டினார்கள். ஜனங்கள் ஓடியதற்கு அந்தக் காலத்து உறுதியான சாட்சியம் எதுவும் கிடைக்கவில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். படம் பார்த்தவர்கள் முட்டாள்கள் அல்ல, வண்ண ஒளிப்படக் காட்சிகளைத் திரையில் பார்த்துப் பழகியவர்கள். ஓடிய கதையை விட்டுவிட்டுக் கேமரா நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். பிளாட்பாரத்தில் சற்றுச் சாய்வாக வைத்திருக்கிறார்கள். தூரத்தில் புள்ளியாகத் தெரியும் ரயில் வளர்ந்து வளர்ந்து திரையின் ஓரத்தைத் தாண்டிப் போகிறது, அப்புறம் பயணிகள் இறங்கிக் கேமராவுக்கு மிக அருகில் கடந்து போகிறார்கள். நேர் எதிரில் வைத்திருந்தாலோ பக்கவாட்டில் வைத்திருந்தாலோ இந்த ஆழம் கிடைத்திருக்காது. ஒரே ஷாட்டில் தூரக் காட்சியில் இருந்து கிட்டத்தட்ட க்ளோஸ்-அப் வரை, வெட்டே இல்லாமல்.

முதல் நாள் காட்சிக்கு வந்திருந்தவர்களில் ஜார்ஜ் மெலியஸும் ஒருவர். மேஜிக் நிபுணர், பாரிஸில் சொந்தமாக ஒரு மாயாஜால அரங்கம் நடத்தியவர். அன்றைக்கே பத்தாயிரம் ஃபிராங்குக்கு இயந்திரத்தைக் கேட்டார், லூமியேர் அப்பா கொடுக்கவில்லை. மெலியஸ் வேறு இடத்தில் வாங்கி மாற்றியமைத்துக்கொண்டார். ஒரு நாள் பாரிஸ் தெருவில் படம் எடுக்கும்போது ஃபிலிம் சிக்கிக்கொண்டு நின்றதாம், சரிசெய்து மறுபடி சுற்றினாராம், கழுவிப் போட்டுப் பார்த்தால் ஓடிக்கொண்டிருந்த பஸ் திடீரென்று சவ வண்டியாக மாறிவிட்டதாம். இது அவரே பின்னாளில் சொன்ன கதை. நடந்ததோ இல்லையோ, அந்த உத்தியை அவர் பிடித்துக்கொண்டது நிஜம். கேமராவை நிறுத்து, நடிப்பவர்கள் அப்படியே நிற்கட்டும், ஒருவரை மட்டும் வெளியே அனுப்பு, மறுபடி சுற்று. 1896இலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை இப்படி மறையவைத்தார். அடுத்த வருடம் கூரையும் சுவரும் கண்ணாடியால் ஆன ஒரு ஸ்டூடியோவைக் கட்டினார், மொத்தம் ஐந்நூறுக்கு மேல் படங்கள் எடுத்தார்.

அவருடைய 'எ ட்ரிப் டு த மூன்' 1902இல் வந்தது, சுமார் 14 நிமிடம், அன்றைக்கு அது நீளமான படம்தான். நிலவின் கண்ணில் ராக்கெட் குத்தி நிற்கும் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அதற்கு அடுத்து வரும் காட்சியைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணில் குத்திய ராக்கெட், அடுத்த காட்சியில் நிலவின் தரையில் மறுபடியும் வந்து இறங்குகிறது. ஒரே ராக்கெட், இரண்டு தரையிறக்கம்! இன்றைய கண்ணுக்கு இது எடிட்டிங் பிழை. மெலியஸுக்கு அப்படியில்லை, அவருக்கு ஒவ்வொரு காட்சியும் ஒரு முழு மேடை, கேமரா அரங்கின் நடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பார்வையாளர். ஒரு காட்சி விட்ட கணத்தில் இருந்து அடுத்தது தொடர வேண்டும் என்ற எண்ணமே இன்னும் பிறக்கவில்லை. அவருடைய முடிவு எனக்கு மிகவும் வலிக்கும் ஒன்று. அமெரிக்காவில் திருட்டுப் பிரதிகள் போட்டு மற்றவர்கள் சம்பாதித்தார்கள், காலம் மாறியது, தொழில் நொடித்தது, 1923இல் தன் நெகட்டிவ்களைத் தானே எரித்துவிட்டு, மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடையில் உட்கார்ந்திருந்தார்.

இதே பாரிஸில் அலிஸ் கீ என்ற பெண், கோமான் (Gaumont) என்ற பட நிறுவனத்தில் செயலாளராக இருந்தவர், 1896லேயே கதைப்படம் எடுக்க ஆரம்பித்தார். பத்து வருடம் அந்த நிறுவனத்தின் படத் தயாரிப்புக்கே அவர்தான் தலைமை, பிறகு அமெரிக்கா போய்ச் சொந்த ஸ்டூடியோ நடத்தினார். வரலாற்றுப் புத்தகங்கள் இவரை வெகுகாலம் விட்டே வைத்திருந்தன, படங்களுக்கு ஆண்களின் பெயரைப் போட்டார்கள். ஆரம்பகால சினிமா பற்றிய எந்தப் பேச்சிலும் இந்தப் பெயர் வராவிட்டால் அது அரைகுறைப் பேச்சு.

இங்கிலாந்தின் பிரைட்டன் பக்கம் நடந்தது அளவில் சிறியது, ஆனால் நம் விஷயத்துக்கு மிக முக்கியமானது. ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் 1900இல் எடுத்த ஒரு குட்டிப் படத்தில், ஒரு பையன் பாட்டியின் பூதக்கண்ணாடியை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். அவன் கண்ணாடியைத் தூக்குகிறான், வெட்டு, வட்டத்துக்குள் பெரிதாக ஒரு கடிகாரம். மறுபடி பையன், வெட்டு, கூண்டில் பறவை. மறுபடி பையன், வெட்டு, திரை முழுக்க உருளும் பாட்டியின் கண். ஒருவர் பார்க்கிறார், அவர் பார்ப்பதை நாம் பார்க்கிறோம். இன்றைக்கு எந்தப் படமும் இது இல்லாமல் பத்து நிமிடம் ஓடாது. இது புதிது என்பதால்தான் ஸ்மித்துக்குப் பூதக்கண்ணாடி ஒரு சாக்காகத் தேவைப்பட்டது, இல்லாவிட்டால் பொருட்கள் ஏன் திடீரென்று பெரிதாகின்றன என்று ஜனங்கள் குழம்புவார்கள்.

அடுத்து எட்வின் போர்ட்டர். இவர் விஷயத்தில் வரலாறு எழுதியவர்களே ஏமாந்த ஒரு சம்பவம் உண்டு. 1903இல் இவர் எடிசன் நிறுவனத்துக்காகத் தீயணைப்பு வீரர்கள் பற்றி ஒரு படம் எடுத்தார். தீப்பிடித்த வீட்டில் இருந்து தாயையும் குழந்தையையும் காப்பாற்றுகிறார்கள். கிடைத்த ஒரு பிரதியில் அந்தக் காட்சி உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று மாறி மாறி வெட்டப்பட்டிருந்தது. ஆகா, இன்றைய எடிட்டிங்கை 1903லேயே போர்ட்டர் கண்டுபிடித்துவிட்டார் என்று எழுதினார்கள். ஆனால் அமெரிக்காவில் 1912 வரை பதிப்புரிமைச் சட்டத்தில் சினிமாவுக்கு இடம் கிடையாது, புகைப்படத்துக்குத்தான் உண்டு. அதனால் கம்பெனிகள் முழுப் படத்தையும் நீளக் காகிதச் சுருளில் புகைப்படங்களாக அச்சிட்டு வாஷிங்டனில் பதிவு செய்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது, போர்ட்டர் எடுத்தது வேறு மாதிரி இருந்தது: முதலில் அறைக்குள் இருந்து, வீரர் உள்ளே வந்து தாயை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போய், திரும்பி வந்து குழந்தையைத் தூக்கிப் போவது வரை முழுசாக. பிறகு அதே சம்பவம் மறுபடியும் ஆரம்பத்தில் இருந்து, தெருவில் இருந்து. மெலியஸின் ராக்கெட் மாதிரியேதான். மாற்றி மாற்றி வெட்டியது பின்னால் வந்த யாரோ. காகிதம் மட்டும் இல்லாவிட்டால் இன்றும் அந்தத் தவறையே படித்துக்கொண்டிருப்போம்.

அதே 1903இல் போர்ட்டரின் 'தி கிரேட் டிரெயின் ராபரி' வந்தது. கொள்ளைக்காரர்கள், ரயில், குதிரை, துரத்தல் என்று 12 நிமிடம், பிரம்மாண்டமான வெற்றி. இதில் கொள்ளைத் தலைவன் நம்மைப் பார்த்துத் துப்பாக்கியால் சுடும் ஒரு க்ளோஸ்-அப் இருக்கிறது, கதையோடு சம்பந்தமே இல்லாமல். அதைப் படத்தின் முதலிலோ கடைசியிலோ எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று திரையிடுகிறவர்களுக்குச் சொல்லியே விற்றார்கள்.

ஆமாம், விற்றார்கள். அன்று ஃபிலிம் அடிக் கணக்கில் விற்பனையான சரக்கு. வாங்கியவர் எதை முதலில் போடுவது, நடுவில் யார் பாடுவது, என்ன விளக்கம் சொல்வது எல்லாவற்றையும் தானே முடிவு செய்தார். படம் தானாகக் கதை சொல்லத் தெரியாத காலத்தில் பக்கத்தில் நின்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டார். ஜப்பானில் பென்ஷி என்ற அந்தக் கதைசொல்லிகள் நடிகர்களைவிடப் புகழ் பெற்றிருந்தார்கள். இன்னொரு வழி, எல்லோருக்கும் முன்பே தெரிந்த கதையை எடுப்பது. இயேசுவின் வாழ்க்கை அந்தக் காலத்தில் அத்தனை தடவை படமானதற்கு இதுவும் ஒரு காரணம். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் இருந்து ப்ரொஜெக்டரை வாங்கியபோது கூட வந்த படங்களில் இயேசு படமும் ஒன்று, அதை வைத்துக்கொண்டுதான் அவர் ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். பம்பாயில் பால்கே ஓர் இயேசு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம் புராணங்களை எடுக்க வேண்டும் என்று கிளம்பினார், 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வந்தது.

அமெரிக்காவில் 1905இல் பிட்ஸ்பர்க்கில் ஐந்து சென்ட் டிக்கெட்டில் ஒரு சிறிய தியேட்டர் திறந்தார்கள், சில வருடங்களில் அப்படி ஆயிரக்கணக்கில் முளைத்தன. தினமும் புதுப் படம் வேண்டும், கதை வேண்டும், கூட்டத்துக்குக் கதை தானாகவே புரியவும் வேண்டும். அந்த நெருக்கடியில்தான் 1908இல் பயோகிராஃப் கம்பெனியில் டி. டபிள்யூ. கிரிஃபித் இயக்க வருகிறார், ஐந்து வருடத்தில் நானூறுக்கு மேல் குறும்படங்கள் எடுக்கிறார். 1909இல் வந்த 'தி லோன்லி வில்லா'வில் தாயும் மகள்களும் தனியாக இருக்கும் வீட்டைத் திருடர்கள் உடைக்கிறார்கள், வெளியூர் போன அப்பா போனில் விஷயம் தெரிந்து ஓடி வருகிறார். கதவுக்கு உள்ளே, கதவுக்கு வெளியே, சாலையில் அப்பா. மூன்றையும் மாற்றி மாற்றி வெட்டுகிறார், போகப் போக வேகமாக. போர்ட்டர் இரண்டு தடவை காட்டியதை இவர் ஒரே நேரத்தில் நடப்பதாக நம்மை நம்பவைக்கிறார். இவர் மட்டும்தான் கண்டுபிடித்தார் என்பதில்லை, பிரான்ஸில் பாத்தே நிறுவனப் படங்களில் இதன் ஆரம்பம் இருந்தது. இதை ஓர் ஆயுதமாக ஆக்கியவர் இவர்.

ஆயுதம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். 1915இல் அவர் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' மூன்று மணி நேரப் படம், அதுவரை கற்றுக்கொண்ட அத்தனை உத்தியும் அதில் இருக்கிறது. கறுப்பின மக்களை மிருகங்களாகவும் கு க்ளக்ஸ் கிளான் என்ற கொலைக்கும்பலை மீட்பர்களாகவும் காட்டிய படமும் அதுதான். கடைசி நிமிடக் காப்பாற்றும் காட்சியில் குதிரையில் வருவது அந்தக் கும்பல், நம் நெஞ்சு அவர்களுக்காகப் படபடக்கும்படி வெட்டியிருக்கிறார். கறுப்பின அமைப்புகள் ஊர் ஊராக எதிர்த்துப் போராடின. அழிந்துபோயிருந்த அந்தக் கும்பல் அதே வருடம் மறுபடி தொடங்கப்பட்டது. படத்தின் எடிட்டிங்கை மட்டும் தனியாகப் பாராட்டிச் சொல்லிக் கொடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, அந்த எடிட்டிங் செய்த வேலையே அதுதான்.

மற்ற நாடுகளையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1906லேயே ஆஸ்திரேலியாவில் கெல்லி என்ற கொள்ளைக்காரனைப் பற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் எடுத்தார்கள், இன்று துண்டுகள்தான் மிச்சம். இத்தாலியின் 'கபிரியா' 1914இல் கேமராவைத் தள்ளுவண்டியில் ஏற்றி அரண்மனைக்குள் நகர்த்தியது. அப்புறம் முதல் உலகப் போர் வந்து ஐரோப்பிய ஸ்டூடியோக்களை முடக்கியது, அதுவரை உலகச் சந்தையைக் கையில் வைத்திருந்த பிரான்ஸின் இடத்தை ஹாலிவுட் எடுத்துக்கொண்டது.

பார்க்க ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். பழைய படங்களில் மனிதர்கள் துள்ளித் துள்ளி வேகமாக நடப்பது அவர்கள் குற்றமல்ல. விநாடிக்கு 16 படம் என்ற கணக்கில் கையால் சுற்றி எடுத்ததைப் பிற்காலத்தில் 24 படம் ஓட்டும் இயந்திரத்தில் போட்டதால் வந்த கோளாறு. வேகத்தைச் சரிசெய்து புதுப்பித்த பிரதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அவற்றைத் தேடி எடுங்கள். அன்றைய ஃபிலிம் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட், 1897இல் பாரிஸில் ப்ரொஜெக்டர் விளக்கில் தொடங்கிய ஒரு தீ விபத்தில் 120க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எரியாதவை மக்கிப்போயின. அமெரிக்க மௌனகால முழுநீளப் படங்களில் சுமார் 70 சதவீதம் இன்று இல்லை. அதனால் கிடைப்பதைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கலாம்.

தொழிற்சாலை, ரயில், பாட்டியின் பூதக்கண்ணாடி, நிலவு, தீயணைப்பு வீரர் (காகிதப் பிரதியில் இருந்து மீட்டது), ரயில் கொள்ளை, லோன்லி வில்லா என்ற வரிசையில் பாருங்கள், எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் கூட ஆகாது. ஒவ்வொரு படத்திலும் எத்தனை வெட்டு என்று மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். முதல் இரண்டிலும் ஒன்றுகூட இருக்காது, கடைசிப் படத்தில் எண்ணி முடிப்பதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும்.